புரை முத்தட்டும் என்றிருந்தோம்

அம்மா எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார் என்பது மதுரை போனபிறகுதான் தெரிந்தது.

கண் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு முன்னால் இருந்த பெரியவர் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார். அடுத்து அம்மா கடகடவென்று ஒப்பித்தார். எனக்கே ஆச்சரியம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ரிமோட்டை அமுக்கி எழுத்துகளை மாற்றினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பெரியவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்!

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பருப்பில் கல் பொறுக்குவதைப் பேத்தியிடம் தள்ளிவிட்டது, டிவியைக் 'கேட்க' ஆரம்பித்தது, இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை அடிக்கடி தட்டிவிட்டது. "வயசாச்சுல்ல" என்று நாங்களும் விட்டுவிட்டோம். கண்ணாடிக் கடையில் ஒரே வருஷத்தில் மூன்று தடவை பவர் மாற்றினோம். தெருவில் ஆளாளுக்கு, "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்" என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. பொங்கல் போகட்டும், பரீட்சை முடியட்டும் என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. முத்தும்வரை காத்திருந்ததெல்லாம் அந்தக் காலமாம். இப்போது பார்வை சிரமப்படுத்தினாலே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்தக் கையோடுதான் கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபரேஷன் செய்தார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கையாலயா?" என்று தன் கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பெஞ்சு நிறையப் பேர் சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடியிருந்தார்கள். அம்மா பத்து நிமிஷத்துக்குள் பக்கத்துப் பெஞ்சு அம்மாவின் ஊர், மருமகள், மாட்டுக்கடன் எல்லாம் தெரிந்துகொண்டார், முகத்தைப் பார்க்காமலே.

வலது கண்ணில் புரை, எதிர்பார்த்ததுதான். இடது கண்ணை மட்டும் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு டெஸ்ட் எழுதினார். கிண்ணம் மாதிரி குழிந்த வெள்ளை மெஷினுக்குள் பார்த்துக்கொண்டு, பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். நான் கதவோரம் நின்றேன். வலது கண்ணுக்கு 'டிக், டிக்' என்று கேட்டது. இடது கண்ணுக்கு வந்ததும் சத்தமே இல்லை.

"லைட்டு வரவே இல்லையேம்மா, மெஷின் ரிப்பேரா?"

"வருது பாட்டி. நேராப் பாருங்க, தெரியுறப்ப அமுக்குங்க" என்றது ஒரு மெதுவான குரல்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருந்தது. பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை ஓரளவு இருப்பதால் ஆளுக்கே தெரியாது. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து.

"முன்னாடியே வந்திருந்தா..?" என்றேன்.

"இப்ப இருக்கறதை விடாமப் பாத்துக்கலாம்மா" என்றார் டாக்டர். கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வலது கண் ஆபரேஷன் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் அம்மா முதலில் பார்த்தது தன் புடவையைத்தான். "இது சந்தனக் கலர் இல்லையா? வெள்ளையா?" என்று முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். அழுகையும் வந்தது.

இப்போது மருந்து பாட்டில் பிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு என் செல்போனில் அலாரம். தினமும் காலையில் அம்மா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் காலண்டரைப் பார்க்கிறார். என்ன தெரிகிறது என்று நான் கேட்பதில்லை.

இது குடும்பத்தில் வரக்கூடியதாம். பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் பார்த்துவிட்டேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"தீபாவளி முடியட்டும்க்கா, பாக்கறேன்."

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏய்யா, தீபாவளிக்கு வர்றப்ப கையில ரிப்போர்ட்டோட வா. இல்லேன்னா அதிரசம் கிடையாது."