கோட்டு வீணாகாது!

திருவொற்றியூர் தேரடியில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்குகிற கூட்டத்தில் பாதி ஆபீஸ், பாதி ஹைகோர்ட். பி.காம். படித்த எனக்கு அந்த வெள்ளைச் சட்டை ஆசாமிகள் மேல் எப்போதும் ஒரு பொறாமை. நமக்கு டெபிட், கிரெடிட். அவர்களுக்கு 'அப்ஜெக்ஷன்!'

எங்கள் தெருத் தம்பி ஒருத்தன் ஜூனியர் வக்கீல். போன மாசம் ஒரு குண்டு போட்டான். "அண்ணே, டி.வி. நியூஸ் பக்கம் போயிடலாம்னு இருக்கேன். ராஜ்தீப் சர்தேசாயும் வக்கீலா இருந்து போனவர்தானே?"

வாஸ்தவம்தான். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்து, பம்பாய் ஹைகோர்ட்டில் கொஞ்ச நாள் கறுப்புக் கோட்டு போட்டவர். 1988ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா. 1994ல் என்.டி.டி.வி. 2005ல் சி.என்.என்.-ஐ.பி.என். சேனலையே ஆரம்பித்தவர்களில் ஒருவர். 2008ல் பத்மஸ்ரீ.

"சரி தம்பி, அவர் அப்பா திலீப் சர்தேசாய். 1971ல் வெஸ்ட் இண்டீஸில் 642 ரன் அடிச்சவர். உங்கப்பா?"

"ஹார்பர்ல கிரேன் ஓட்டினார்ணே. சீனியர் குடுக்கிறது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாப் போவுது. அதனாலதான் கேக்கிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு. தெரிந்ததைச் சொன்னேன்.

கோர்ட்டில் ஆதாரமில்லாமல் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்து நிற்பார். டி.வி.யில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நாமேதான் எழுந்து நிற்க வேண்டும். 2021 ஜனவரி 26, டில்லி டிராக்டர் பேரணியில் ஒரு விவசாயி போலீஸ் குண்டுக்குப் பலி என்று ராஜ்தீப் சொல்லிவிட்டார். டிராக்டர் கவிழ்கிற வீடியோவைப் போலீஸ் காட்டியதும் திருத்திக்கொண்டார். ஆனாலும் சேனல் இரண்டு வாரம் அவரைத் திரையிலிருந்து இறக்கிவிட்டது. அத்தனை பெரிய பெயருக்கே அந்தக் கதி!

2014ல் கம்பெனி கைமாறியபோது, தான் ஆரம்பித்த சேனலிலிருந்தே வெளியே வந்தார். செப்டம்பரில் இந்தியா டுடே குழுமம் அழைத்துக்கொண்டது. புதுப்பையனை யார் அழைப்பார்கள்? "ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேத்துட்டுக் கிளம்பு" என்றேன்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது ஸார். பார் கவுன்சில் விதி 49ன்படி, முழுநேரச் சம்பள வேலைக்குப் போகும் வக்கீல் அதைக் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும் வரை பிராக்டிஸை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். வேலையை விட்டால் திரும்பி வர வழியுண்டு. கதவு சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது.

விஷயம் கேள்விப்பட்டு அவன் அப்பா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தால், கவலை வேறு.

"கடன் வாங்கித் தெச்ச கோட்டு தம்பி... டி.வி.லயும் அதைப் போட்டுக்கலாமில்ல?"