விட்டுப் படித்த பெயர்கள்



புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதல் பக்கமே பெயர்ப் பட்டியல்தான். ஆபிரகாமில் தொடங்கி, இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று இயேசு வரை போகும். உங்களில் எத்தனை பேர் அதை முழுவதும் படித்திருப்பீர்கள்? உண்மையைச் சொன்னால், நானும் படித்ததில்லை.

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில், போதகர் வராத ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது என் பொறுப்பு. ஒரு டிசம்பர் மாதத்தில் அந்த அதிகாரம் வந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பாபிலோன் சிறையிருப்பு வரை வாசித்துவிட்டு, மீதியை விட்டு யோசேப்பிடம் தாவிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். எண்பதைக் கடந்தவர். பால்மரம் சீவி ஓய்ந்த கை. எழுத்து தெரியாது, ஆனால் கேட்டது மறக்காது.

"வாத்தியாரே, நடுவுல கொஞ்சம் பேரு விட்டுட்டீங்களே?"

"பேருதானே பாட்டி, அதுல ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்கப்பாவ சயாமுக்குக் கொண்டு போனப்ப நான் கைக்குழந்தை. அவரு முகம் தெரியாது, குழி எங்கேன்னும் தெரியாது. பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

எனக்குப் பதில் வரவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு போனார்கள். அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் உண்டு. கற்களில் பெயர் உண்டு. அங்கே மாண்ட நம்மவரில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

அன்றிரவு நான் விட்ட பகுதியை விளக்கடியில் வைத்து நிதானமாகப் படித்தேன். சிறையிருப்பிலிருந்து மக்களை அழைத்து வந்த சொரொபாபேலை நமக்குத் தெரியும். அவருக்குப் பின் ஒன்பது பேர்: அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. பிறகு யோசேப்பு. இந்த ஒன்பது பேரைப் பற்றி வேதாகமத்தில் வேறெங்கும் ஒரு சொல் கிடையாது. நல்லவர்களா, என்ன தொழில் செய்தார்கள், எந்த ஊரில் மாண்டார்கள், ஒன்றும் தெரியாது.

ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. பாரசீகர் ஆண்டார்கள், கிரேக்கர் வந்தார்கள், கி.மு. 63இல் ரோமர் எருசலேமைப் பிடித்தார்கள். தாவீதின் வம்சத்துக்கு அரியணை திரும்பவே இல்லை. கடைசியில் அந்த ராஜவம்சம் நாசரேத்தூரில் ஒரு தச்சர் வீட்டில் வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயு பதினான்கு பதினான்கு தலைமுறையாகக் கணக்கு வைக்கிறார். பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசர்கள் அந்தக் கணக்கில் இல்லை. முடிசூடிய மூவரை விட்டவர், ஊர் பேர் அறியாத ஒன்பது பேரை விடவில்லை. நானோ அந்த ஒன்பது பேரைத்தான் விட்டேன்!

பிறகு முதலாம் நாளாகமத்தைத் திருப்பினேன். அதன் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பகுதி பெயர்கள்தாம். நான்காம் அதிகாரத்தில், யூதாவின் வம்சத்தைச் சொல்லும்போது, மெல்லிய துணி நெய்தவர்களும் குயவர்களும் வருகிறார்கள். அந்தக் குயவர்கள் அரசனுடைய வேலைக்காக அங்கேயே குடியிருந்தவர்களாம். வேலைக்காக வேலையிடத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நமக்கு அந்த வாழ்வு புரியாததா? மண் பிசைந்த கைகளுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது.

எலியூத் தன் பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது, தன் பேரனுடைய பேரன் வீட்டில் இரட்சகர் வளர்வார் என்று அறிந்திருக்க முடியுமா? அவர் செய்ததாக நமக்குத் தெரிவது ஒன்றே: ஒரு பிள்ளைக்குத் தகப்பனானார். அந்த ஒரு கண்ணி அறுந்திருந்தால் சங்கிலி இல்லை. நமக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? பேர்பெற்ற பிரசங்கியாரா? விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டு வந்து, இரவில் நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்த அம்மாவோ ஆயாவோ அல்லவா? அவர்கள் பெயர் எந்தச் சபை மலரிலும் இராது. கடவுள் மறந்துவிட்டார் என்று பொருளில்லை. நாம் மறந்தால், அது நம் குறை.

அடுத்த ஞாயிறு, விட்ட பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்தேன். இரண்டு இடத்தில் நாக்குத் தடுக்கியது. பாட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தம் வேதாகமத்தை நீட்டி, முதல் வெற்றுத்தாளில் அப்பா பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். "உங்க தாத்தா பேரு பாட்டி?" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அதற்கு மேலே ஒரு வரி இடம் விட்டு வைத்தேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுடைய தாய் தகப்பன் பெயரை, தாத்தா பாட்டி பெயரைக் கேளுங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகமானாலும் போதும், எழுதி வையுங்கள். நாளை என்று தள்ள வேண்டாம்.