எட்டணாவைச் செல்லாமல் ஆக்கியது யார்?

ஒரகடம் கூட்டுரோட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த ஒடிசா பையன் டீக்கு நீட்டிய சில்லறையில் இரண்டு ஐம்பது காசு இருந்தன. "இது செல்லாதுப்பா" என்று கடைக்காரர் திருப்பித் தள்ளினார். செல்லாது என்று எப்போது, யார் சொன்னார்கள்? அதைத் தேடிப் போனேன்.

வல்லம், சுங்குவார்சத்திரம் என்று கேட்ட கடைகளிலெல்லாம் ஒரே பதில்: "கவர்மென்ட்டே நிறுத்திடுச்சே." அரசு நிறுத்தியது வேறு. 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. அதற்கு முன் வங்கியில் மாற்றிக்கொள்ள அவகாசமும் தந்தார்கள். 50 காசை அந்த உத்தரவு தொடவேயில்லை. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி பத்து ரூபாய் வரை ஐம்பது காசாகவே கொடுக்கலாம். நாலணாவுக்கு வந்த உத்தரவை ஊர் எட்டணாவுக்கும் சேர்த்தே எழுதிக்கொண்டது.

காரணம் வதந்தி மட்டுமல்ல. 2008 வரிசையில் வந்த, மடக்கிய கைமுத்திரை போட்ட ஐம்பது காசையும் 2011 வரிசை ஒரு ரூபாயையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், ஒரே எஃகு நிறம். காலை நெரிசலில் விரலால் தடவி எண்ணுகிறவருக்கு எது ரூபாய், எது அரை ரூபாய்? ஏமாறுவதைவிட மறுத்துவிடுவது மேல் என்று கடைக்காரர் நினைத்ததில் தப்பில்லை.

பெட்டிக்கடை அம்மா ஒருவர் இன்னொன்றை நினைவூட்டினார். 2021 மே மாதம் ஆவின் விலையைக் குறைக்கும் வரை அரை லிட்டர் நீலப் பாக்கெட் 21.50 ரூபாய். "இருபத்திரண்டு வாங்கிட்டு மிட்டாய் குடுப்பேன். எட்டணாவுக்கு நான் எங்க போறது?" விலை 20 ஆனதும் அந்தத் தேவையும் தீர்ந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அதே கல்லாக்களில் பத்து ரூபாய் நாணயத்தையும் வாங்க மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தும் பலனில்லை. ஒரு நாணயத்தை மறுத்துப் பழகிய கை அடுத்ததையும் மறுக்கிறது. தமிழ் தெரியாமல், கடைக்காரரோடு வழக்காட முடியாமல் நிற்கிறவன் தலையில்தான் அந்த நஷ்டம் விழுகிறது.

அதனால் ஐம்பது காசை அரசே தேதி குறித்து, சட்டப்படி திரும்பப் பெற வேண்டும் என்கிறேன். கனடா 2013இல் ஒரு சென்ட்டை விநியோகிப்பதை நிறுத்தியபோது, ரொக்கமாகத் தரும் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்ட்டுக்கு, மேலோ கீழோ, சரிசெய்யச் சொன்னது. இங்கேயும் அப்படியொரு விதி வேண்டும். இல்லாவிட்டால் எல்லா அரை ரூபாயும் மேலே மட்டும்தான் ஏறும். மாற்றித் தருவதை வங்கிக் கிளையோடு நிறுத்தவும் கூடாது. கிளை திறந்திருக்கும் நேரத்தில் ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் லைனில் நிற்பார்கள், ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சிப்காட் வாசலிலும் ஹாஸ்டல்களிலும் முகாம் போட வேண்டும்.