அந்தமானில் ஓர் இரவு

யுத்த காலத்தில் சுதந்திரக் கொடி ஏறிய தீவு என்று அந்தமானைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். காதால் கேட்டதைக் கண்ணாலும் பார்த்துவிடுவது என்று ஒரு டிசம்பர் மாதத்தில் ஒதியம்பட்டிலிருந்து புறப்பட்டோம். கைவசம் இருந்தது ஒரே ஓர் இரவு. சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். ஆகாய விமானமோ இரண்டு மணிச் சொச்சத்தில் கொண்டு சேர்த்துவிட்டது. 'காலாபாணி' என்ற பெயரைக் கேட்டே நடுங்கியவர்கள் கை விலங்குடன் கப்பலின் அடித்தட்டில் சென்ற அதே வழியில், ஜன்னல் ஓரத்தில் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டு போவது நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிய நகரத்துக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், கடைத்தெருவில் கால் வைத்த சிறிது நேரத்தில் தமிழ் காதில் விழுகிறது. சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது.

முதலில் படகேறி, எதிரே தெரியும் ராஸ் தீவுக்குப் போனோம். 2018 முதல் இதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. அரைச் சதுர கிலோமீட்டர்கூட இராது. 1858-ல் ஏற்பட்ட கைதிகள் குடியேற்றத்தை வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்தத் துளி நிலத்தில் இருந்துகொண்டுதான் ஆண்டார்கள். தலைமைக் கமிஷனர் மாளிகை, கிறிஸ்தவ ஆலயம், ரொட்டிச் சாலை என்று சகல வசதிகளும் இருந்தன. 1941-ம் வருஷம் ஜூன் 26-ம் தேதி பூகம்பம் வந்து உலுக்கிற்று. ஒன்பது மாதம் கழித்து, 1942 மார்ச் 23-ல், ஜப்பானியர் அந்தமானில் இறங்கினார்கள். அவர்கள் கட்டிய பதுங்கு அறைகள் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கின்றன. மாளிகைகளின் செங்கற் சுவர்களையோ மரத்தின் வேர்கள் இறுகக் கட்டிப் பிடித்திருக்கின்றன. வேரை வெட்டினால் சுவர் விழும், சுவரை இடித்தால் மரம் சாயும் என்கிற நிலை. நம்மூரில் பாழ் மடத்தைச் சுற்றி ஆடு மேய்கிற மாதிரி இங்கே புள்ளிமான் மேய்கிறது.

இந்தத் தீவுகளுக்கு நேதாஜி 1943 டிசம்பர் 29-ம் தேதி வந்தார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அவருடைய தற்காலிக சர்க்கார் அமைந்து அப்போது இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. தன்னுடையது என்று காட்ட அதற்கு ஒரு பிடி மண் வேண்டியிருந்தது. அந்த மண் அந்தமானில் கிடைத்தது. தீவுகளுக்கு 'ஷஹீத்', 'ஸ்வராஜ்' என்று பெயர்கள் பிறந்தன. மைதானத்தின் அருகே நின்றபோது நமக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைப்பானேன்?

அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. இருட்டியதும் செல்லுலர் சிறைச்சாலைக்குப் போனோம். 1906-ல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்திருந்த இடத்தில் இப்போது மூன்றுதான் மிச்சம். இரவில் ஒலி-ஒளிக் காட்சி காட்டுகிறார்கள். முற்றத்து அரசமரம் தான் கண்டதையெல்லாம் கதையாகச் சொல்கிறது. செக்கிழுத்தவர்கள், உண்ணாவிரதம் இருந்தவர்கள், தூக்கில் ஏறியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். கூட்டம் மூச்சு விடாமல் கேட்கிறது.

காட்சி முடிந்து விடுதி அறையில் படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. நேதாஜி இந்தத் தீவில் இருந்த அந்த டிசம்பர் நாட்களில், இதே சிறையில் டாக்டர் திவான் சிங் கிடந்தார். அவர் பஞ்சாபிக் கவிஞர். இந்திய சுதந்திர லீகின் அந்தமான் கிளைக்குத் தலைவர். பிரிட்டிஷாருக்கு ஒற்று வேலை செய்தார் என்று ஜப்பானியர் அவரை அக்டோபரில் பிடித்து அடைத்தார்கள். சித்திரவதை தாங்காமல் 1944 ஜனவரி 14-ல் அவர் உயிர் பிரிந்தது. நேதாஜி சிறையைப் பார்வையிட்டது உண்மை. ஜப்பானியர் காட்டிய பகுதியைப் பார்த்தார் என்பதும் உண்மை. அவரைச் சுற்றி அவர்களுடைய அதிகாரிகளே நின்றார்கள். ஜனங்கள் மனம் விட்டுப் பேச இடமேது? அந்தப் பழியை நேதாஜியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் கொடியின் கதையைச் சொல்லுகிறவர்கள் இதை விழுங்கிவிடுவதும் நியாயமாகாது.

பிப்ரவரியில் தற்காலிக சர்க்காரின் பிரதிநிதியாகத் தீவை ஆள வந்தவர் ஒரு தமிழர்: மேஜர்-ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதன். தொழிலால் டாக்டர். ஜப்பானியர் அவர் கையில் கொடுத்தது கல்வி இலாகா. போலீஸை விடவே இல்லை. உயிரை வாங்கும் அதிகாரத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆட்சி செய்வது? அந்த வருஷமே அவர் திரும்பிவிட்டார். திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1945-ல் ஜப்பானியர் விட்டோடிய ரங்கூனில் கொள்ளையும் கலகமும் பரவாமல் காத்தது அவர் தலைமையில் நின்ற இந்திய தேசிய ராணுவந்தான்.

புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு விசித்திரம் தோன்றிற்று. 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் கைமாறிவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 வரை காத்திருந்தது. நமக்குக் காரியம் முந்தி, காகிதம் பிந்தி. அந்தமானுக்குக் காகிதம் முந்தி வந்தது; காரியம் வரவே இல்லை. 1945 அக்டோபரில் ஜப்பானியர் சரணடைந்தபோது தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டவன் வெள்ளைக்காரன்.

விடியற்காலையில் வாடகை வண்டிக்காரரிடம் ஹம்ப்ரிகஞ்ச் போகவேண்டும் என்றோம். அவரும் தமிழர். திரும்பிப் பார்த்தார்.

"கொடி ஏத்தின இடத்தை எல்லாரும் கேப்பாங்க ஐயா. அதை நீங்கதான் கேக்குறீங்க" என்றார்.

ஊருக்கு வெளியே, பசுமை சூழ்ந்த இடத்தில் இருக்கிறது பலிபீட நினைவுச் சின்னம். ஜனவரி 30 என்றதும் நமக்கு 1948-ம், மகாத்மாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதற்குச் சரியாக நான்கு வருஷம் முன்பு, 1944 ஜனவரி 30-ல், நாற்பத்து நான்கு இந்தியர்களை இங்கே நிறுத்தி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். ஒற்றர்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் பெரும்பாலோர் சுதந்திர லீகின் அங்கத்தினர்கள். கொடி ஏறி அன்றைக்கு முப்பத்தொரு நாள்.

வண்டிக்காரர் செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு வந்து நம் அருகில் நின்றார். நாமும் கழற்றினோம். ஆறு மணிக்கு முன்பே ஏறிவிட்ட வெயில் அந்தத் தரையில் நன்றாக விழுந்திருந்தது.