மகமை என்னும் மூலதனம்

தொழில் தொடங்க என்ன வேண்டும் என்றால் பணம், துணிச்சல் என்பார்கள். விருதுநகர், சிவகாசி வரலாற்றைப் புரட்டினால் கூட நிற்கும் கூட்டமும் வேண்டும் என்று தெரிகிறது.

19ஆம் நூற்றாண்டில் பெரிய கோயில்களுக்குள் இவ்வூர்களின் வணிகச் சமூகமான நாடார்களுக்கு அனுமதி கிடையாது. தெற்கிலிருந்து சரக்கு வண்டிகளோடு வந்த வணிகர்கள் பாதுகாப்புக்குப் பேட்டைகள் எனும் அரணுள்ள தங்குமிடங்களை அமைத்தார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக உறவின்முறை எனும் தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்தப் பணம் கிணறானது, கோயிலானது, பள்ளிக்கூடமும் ஆனது. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்த வழியில் வந்ததுதான்.

1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுவே. அதே காலகட்டத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசியின் பட்டாசும் அச்சும் அதன் தொடர்ச்சி.

இதே உறவு வலை வெளியே நிற்பவருக்கு மதில்.

கடன் தருபவர், சரக்கு தருபவர், வாங்குபவர் எல்லாரும் ஒரே சொந்தமாக இருக்கும் சந்தையில் தலித் இளைஞருக்கு யார் பிணை நிற்பார்? சொத்து தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு? பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழக அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை 35 விழுக்காடு மூலதன மானியத்தோடு தொடங்கியது. பட்டியலின, பழங்குடி நண்பர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மற்றவர்கள், அவர்களுக்கு முதல் ஆர்டரைக் கொடுங்கள்.