கருக்குமட்டையும் கையுறையும்

கருக்குமட்டையை அறியாத யாழ்ப்பாணத்தவர் இருக்க முடியாது. பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரிவாட் பற்களைப் போலக் கறுத்து நிற்கும் கருக்கில் கை கிழித்துக்கொள்ளாமல் வளர்ந்தவர் எம்மிற் சிலரே. குப்பை ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டியினுள் அந்த மட்டையை வெறுங்கையால் அமுக்கித் திணிப்பவரைப் பற்றி மட்டும் நாம் நினைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு வரும் சுகாதாரத் தொழிலாளி ஒருவரின் உள்ளங்கையைச் சில மாதங்களுக்கு முன்னர் பார்த்தேன். குறுக்கே ஒரு நீண்ட தழும்பு. மட்டையோ என்று கேட்டேன்.

"இது போத்தில், ஐயா. மட்டை வெட்டினது மற்றக் கையில."

கையுறை தருவதில்லையா என்ற கேள்விக்கு அவர் சிரித்தார். தருகிறார்கள், கிழிந்தால் அடுத்தது வரச் சுணங்கும். அதைவிட, அதைப் போட்டுக்கொண்டு பையின் முடிச்சை அவிழ்க்க ஏலாது என்றார். முடிச்சை ஏன் அவிழ்க்க வேண்டும்? நாம் மீன்செதிலையும் உடைந்த மின்குமிழையும் ஒரே பையிற் கட்டிக் கொடுப்பதனால். தரம் பிரிக்கும் வேலை வீட்டு வாசலில் நடக்காதபோது அது அவருடைய விரல்களில் நடக்கிறது.

கண்ணாடி வெட்டினாற் குருதி தெரியும். ஓர் ஏற்பூசியோடு காரியம் முடிந்துவிடலாம். ஊசி குத்தினால் அப்படியன்று. தொற்றுள்ள ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் ஈரலைத் தாக்கும் ஹெப்பரைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு, தடுப்பூசி பெறாதவரிடத்தில், ஏறத்தாழ 30 சதவீதம் வரை என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. எச்.ஐ.வி.க்கு இது 0.3 சதவீதம். இலங்கையிற் குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்பரைட்டிஸ் பி சேர்க்கப்பட்டது 2003 இல். அதற்கு முன் பிறந்த தொழிலாளருக்கு யாராவது தேடிப் போட்டிருந்தாலன்றி அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அச்சட்டம் தேடுவது ஆளை வேலை செய்ய இயலாமல் முடக்கிய காயத்தை. காலையில் வெட்டுப்பட்டு, பழந்துணியாற் கட்டிக்கொண்டு, பத்து மணிக்குக் கல்லுண்டாயில் குப்பையைக் கொட்டிவிட்டு, மறுநாளும் வேலைக்கு வருபவனின் காயம் எந்தப் பதிவேட்டில் ஏறும்? நாட்சம்பளக்காரன் வராமலிருந்தால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே அவன் வருகிறான். வருவதனாலேயே அவனுக்குக் காயம் பட்டதற்குச் சாட்சியும் இல்லாமற் போகிறது.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் அந்தப் பதிவேட்டைப் போன்றவர்களே. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது முதற்பக்கங்கள் நிறைந்தன. அது நியாயமே. ஆனால் என் தொழில் வாழ்க்கையில் குப்பை அள்ளப்படாத வீதிகளைப் பற்றி எத்தனை செய்திகள் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. அள்ளியவரின் கையைப் பற்றி ஒன்றேனும் எழுதியதாக ஞாபகமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் நீரிழிவு நோயாளி. தினமும் இன்சுலின் ஏற்றுபவன். அந்த ஊசிகளை இவ்வளவு காலமும் கடதாசியிற் சுற்றிக் குப்பைப் பையிலேயே போட்டுவந்தேன். மூடியைப் போட்டுவிட்டால் போதும் என்பது என் எண்ணம். பைகளை அமுக்கும்போது மூடி கழன்றுவிடும் என்பதை அந்தத் தொழிலாளி சொல்லித்தான் அறிந்தேன். ஊசி போட்டவன் நான்தான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

அவர் கோபிக்கவில்லை. "தடிச்ச பிளாஸ்ரிக் போத்திலுக்குள்ள போட்டு மூடியை இறுக்குங்கோ. ஊசி எண்டு மேல எழுதிவிடுங்கோ. பைக்குள்ள வைக்காமல் என்ர கையில தாங்கோ, ஐயா" என்றார்.