வெள்ளானை போன வழி

கொச்சித் துறைமுகத்தின் வாய் அப்படியொன்றும் அகலமானதல்ல. கோட்டைக் கொச்சியின் கரையில் நின்று பார்த்தால், எதிர்க்கரையான வைப்பின் தீவின் தென்னைமரங்களைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் கரைக்குத் தரை மார்க்கமாகப் போக வேண்டுமென்றால் தோப்பும்படி, எர்ணாகுளம் என்று ஊரெல்லாம் சுற்றி, 2004-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் மூன்றையும் தாண்டி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்தாக வேண்டும். தண்ணீர் மார்க்கமாகப் போனாலோ சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும். ஆகையால்தான் மூன்று பாலங்கள் வந்த பிறகும் அங்கே ஓடத்துக்கு மவுசு குறையவில்லை.

ஓடம் என்றதும் துடுப்பும் பாட்டும் நினைவுக்கு வந்தால் நேயர்கள் அவற்றை மறந்துவிட வேண்டும். இது இரும்புக் கலம். லாரி, கார், மோட்டார் சைக்கிள், மனிதர் எல்லாரையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு போகிறது. முன் பக்கத்துப் பலகையைக் கரையில் சாய்த்ததும் வண்டிகள் தாமாகவே ஓடி ஏறும். மறு கரையில் தாமாகவே ஓடி இறங்கும். 2018-ஆம் ஆண்டு முதல் 'சேதுசாகர்' என்ற பெயருடன் இத்தகைய கலங்கள் இரண்டு இங்கே ஓடுகின்றன. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டவை. ஊர்க்காரர்கள் பழைய பழக்கத்தை விடாமல் 'ஜங்கார்' என்றே சொல்லுகிறார்கள். பழைய தமிழ் அகராதிகளில் 'சங்கடம்' என்ற சொல்லுக்கு இரட்டைத் தோணி என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தாம். காலை வேளையில் அந்தத் துறையில் வரிசையில் நின்றவர்கள் அந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் சரிதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாம் அந்த வரிசையில் நின்றதற்குக் காரணம் நம் தகப்பனார். அவருக்கு வயது 76. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் தாயாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தேவாரப் பாடல் பெற்ற ஸ்தலங்கள் 274-ஐயும் நாடு வாரியாக அதில் எழுதி, தரிசனம் செய்த ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டு வைத்திருந்தார். சோழ நாட்டில் 190, தொண்டை நாட்டில் 32, நடு நாட்டில் 22, பாண்டி நாட்டில் 14, கொங்கு நாட்டில் 7 என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்த ஜாபிதாவில், 'மலைநாடு' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிதான் உண்டு: திருவஞ்சைக்களம். அந்த வரிக்கு எதிரே தேதி இல்லை. எங்கோ காசிக்கு அப்பாலுள்ள க்ஷேத்திரம் என்றால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கோவையில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் போய்ச் சேரும் இடம்! "பக்கத்திலேதானே இருக்குது, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் கழிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் தாயார் காலமானார்.

தகப்பனாருக்குக் காரில் உட்கார்ந்தால் பத்தாவது மைலில் தலை சுற்றும். மோட்டார் சைக்கிளோ அவருக்குப் பழைய சிநேகிதம். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த 'புல்லட்' ஒன்றில் தாயாரைப் பின்னால் உட்கார வைத்து அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் போய் வந்தவர் அவர். ஆகவே கொச்சியில் உள்ள நண்பர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் கேட்டு வாங்கினோம். இந்த முறை அவர் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. அதற்கு அவர் யாதொரு ஆட்சேபமும் சொல்லவில்லை. ஆனால் தலைக்கவசத்துக்குச் சொன்னார். கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னால் அமர்ந்திருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்று கண்டிப்பு.

"திருநீறெல்லாம் இதுக்குள்ளே ஒட்டிக்குமே, தம்பி. கோயிலுக்கு வெறும் நெத்தியோடவா போறது?"

"பையிலே எடுத்து வெச்சிருக்கறேனுங்கப்பா. அங்கே போய்ப் பூசிக்கலாமுங்க."

அன்று விடுமுறை நாள். வரிசை நீண்டிருந்தது. மலையாள நாட்டுக் கோயில்களில் முற்பகலிலேயே நடை சாத்திவிடுவார்கள். பிறகு சாயங்காலந்தான் திறப்பார்கள். சாயங்காலம் வரையில் காத்திருந்து, இருட்டில் இவ்வளவு தூரம் திரும்புவது தகப்பனாரின் முழங்கால்களுக்கு ஆகாது. அதற்கு மறுநாளோ திரும்பி ஊருக்குப் போக வேண்டும். முதல் ஓடம் நம் கண்ணெதிரே நிரம்பிப் போய்விட்டது. இரண்டாவதில் இடம் கிடைத்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைத்த சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தகப்பனாரைக் கம்பி ஓரமாக நிற்க வைத்தோம். இடது பக்கம் பகிரங்க சமுத்திரம்; வலது பக்கம் காயல். கரையோரமாகச் சீன வலைகள் பெரிய கொக்குகளைப் போல் தலை கவிழ்ந்து நின்றன.

இந்தத் துறைமுகத்தின் கதை விசித்திரமானது. 1341-ஆம் ஆண்டில் பேரியாற்றில் பெருவெள்ளம் வந்ததாகவும், வடக்கே கொடுங்கல்லூரில் இருந்த பழைய துறைமுகம் அதனால் தூர்ந்து, இங்கே கொச்சியில் கடல் புது வாய் திறந்ததாகவும் சொல்லுகிறார்கள். வைப்பின் தீவே அந்த வெள்ளம் கொண்டு வந்து வைத்த மண் என்பது வழக்கு. அந்த ஆண்டை முதலாகக்கொண்டு 'புதுவைப்பு' என்ற ஓர் ஆண்டுக் கணக்கும் இருந்து வந்திருக்கிறது. ஆக, நாம் அன்று போனது பிள்ளைத் துறைமுகத்திலிருந்து தாய்த் துறைமுகத்துக்கு! பிற்காலத்தில் கொச்சியின் வாயிலில் கிடந்த மணல் திட்டை ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில இஞ்சினீயர் தோண்டி அகற்றினார். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியதில் உண்டானதுதான் வில்லிங்டன் தீவு. இயற்கை மண்ணைக் கொண்டு ஒரு தீவு, மனிதன் மண்ணைக் கொண்டு ஒரு தீவு என்று எதிரெதிரே இருக்கின்றன.

வைப்பின் தீவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நாடா. நடுவில் ஒரே சாலை. இரு புறமும் வீடுகள், கடைகள், மாதா கோயில்கள், பகவதி கோயில்கள், பள்ளிக்கூடங்கள் என்று விடாமல் தொடர்ந்து வருகின்றன. எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு என்று பெயர்ப் பலகைகள்தாம் சொல்லுகின்றன. பஸ்களோ தம்மைத் தவிர வேறு எவரும் சாலையில் இல்லை என்ற எண்ணத்தில் ஓடுகின்றன. நாயரம்பலத்தில் ஒரு முறை, எடவனக்காட்டில் ஒரு முறை, ஆக இரண்டு தடவை முழங்காலை நீட்டிக்கொள்வதற்காகத் தகப்பனார் தோளைத் தட்டினார். ஒவ்வொரு தடவையும் நாம் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

இரண்டாம் தடவை நின்ற இடத்துக்குப் பின்னால் பொக்காளி வயல் இருந்தது. உப்புத் தண்ணீரிலும் விளையும் நெல் அது. மழை பெய்து உப்பு அடங்கும் காலத்தில், ஆனி முதல் ஐப்பசி வரையில் நெல். அறுவடையான பிறகு கடல் தண்ணீரை மதகு வழியே உள்ளே விட்டுச் சித்திரை வரையில் இறால். அரிந்த நெல்லின் தாள் இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. உரமோ மருந்தோ தெளிக்க வேண்டியதில்லை. 2008-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கௌரவம் கிடைத்ததே தவிர, உழைக்க ஆள் கிடைக்கவில்லை. இடுப்பளவு சேற்றில் நின்று அறுக்க இக்காலத்தில் யார் வருவார்கள்? வருஷத்துக்கு வருஷம் நெல் குறைந்து இறால் மட்டும் மிஞ்சுகிறது. நம் கருத்தில், இது கோட்டை கொத்தளங்களைக் காட்டிலும் காப்பாற்றத் தகுந்த பழமை.

செறாயி என்றால் எல்லாரும் கடற்கரையைச் சொல்லுகிறார்கள். நமக்கு அவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியம். சகோதரன் ஐயப்பன் பிறந்த ஊர் அது. 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுடன் தம் ஜாதியாரையும் சேர்த்து உட்கார வைத்து, அங்கே அவர் சமபந்தி போஜனம் நடத்தினார். அதற்காக ஊரார் அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று பரிகாசம் செய்தார்கள். அவரோ அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டார். வைக்கம் சத்தியாக்கிரகம் அதற்கு ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிப்புறத்தில் போர்த்துக்கேயர் 1503-இல் கட்டிய அறுகோணக் கோட்டையைத் திரும்பும்போது பார்த்தோம். ஐரோப்பியர் இந்தியாவில் கட்டி இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1661-இல் டச்சுக்காரர் கைக்குப் போய், 1789-இல் திருவிதாங்கூருக்கு விற்கப்பட்டது. அந்த விற்பனையால் திப்பு சுல்தானுக்கு உண்டான கோபம் ஒரு பெரிய யுத்தத்தில் போய் முடிந்தது. இவ்வளவு ரத்தத்துக்குக் காரணமான கோட்டை, ஒரு நடுத்தர வீட்டின் முற்றத்தில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

மால்யங்கரைப் பாலம், கோட்டப்புறம் பாலம் இரண்டையும் தாண்டியதும் கொடுங்கல்லூர் எல்லை. அங்கே தகப்பனார் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு சர்ச்சையைக் கிளப்பினார். சேரர் தலைநகரான வஞ்சி எது என்பது தமிழறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு. கொடுங்கல்லூர்தான் என்பார் சிலர். கருவூர்தான் என்று ரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' என்ற நூலே எழுதினார். கொங்கு நாட்டுத் தமிழாசிரியர் எந்தக் கட்சியில் இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. "கோயிலுக்குத்தான் வந்தேன். அதுக்காக வஞ்சியை விட்டுக் கொடுத்துட்டேன்னு அர்த்தமில்லே" என்றார். முசிறித் துறைமுகத்தை மட்டும் பெருந்தன்மையுடன் இவ்வூருக்கே விட்டுக்கொடுத்தார். பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் தோண்டியெடுத்த யவன ஜாடி ஓடுகளுக்குப் பிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

திருவஞ்சைக்களத்துக் கோயில் சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தியபோது நடை இன்னும் சாத்தவில்லை; ஆனால் உள்ளேயிருந்து வந்த ஒருவர் கையைக் காட்டி விரைவுபடுத்தினார். தகப்பனார் சட்டையைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டு, திருநீற்றைக் குழைக்காமல் அப்படியே அள்ளிப் பூசிக்கொண்டு நடந்தார். காலையில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்ன முழங்கால்கள் அவருடையவைதாமா என்று சந்தேகமாயிருந்தது.

பெரிய புராணத்தின் கதை இந்த இடத்தில்தான் முடிகிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் தோழரான சேரமான் பெருமாளைக் காண இரண்டாம் முறை புறப்பட்டு வருகிறார். வழியில் அவிநாசியில் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கிறார். பிறகு மலைநாடு வந்து, அஞ்சைக்களத்தில் வழிபட்டு நிற்கும்போது கயிலையிலிருந்து வெள்ளை யானை வருகிறது. தோழர் யானை மீது போவதை அறிந்த சேரமான், தம் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, அதன் மேல் தொடர்ந்து போகிறார். அவ்விருவருக்கும் இங்கே சந்நிதி உண்டு. ஆடிச் சுவாதியில் கொங்கு நாட்டு அடியார்கள் ஆண்டுதோறும் வந்து விழா எடுக்கிறார்கள். அதே சேரமான் பெருமாள் மக்காவுக்குக் கப்பலேறினார் என்பது இவ்வூர் முஸ்லிம்களின் ஐதீகம். 629-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதென்று சொல்லப்படும் சேரமான் மசூதி சமீபத்திலேயே இருக்கிறது. ஓர் அரசர் இரண்டு திசையில் போனதாக ஒரே ஊர் நம்புகிறது. அதனால் ஊருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

சுந்தரர் பாடிய பதிகம் பெரும்பாலும் இறைவனைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். இதை ஏன் அணிந்தாய், அதை ஏன் செய்தாய் என்று தோழமை உரிமையுடன் கேட்கிறார். தகப்பனார் அதைத் தாழ்ந்த குரலில் பாடினார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் சரி செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கி முடித்தார். சாவியுடன் நின்ற கோயில்காரர் தமிழ் அறிந்தவராகத் தோன்றவில்லை. ஆயினும் பத்துப் பாட்டும் முடிகிற வரையில் கதவில் கை வைக்கவில்லை.

வெளிப் பிராகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனாவை நம்மிடம் நீட்டினார்.

"நீ எழுது. உங்கம்மா கையெழுத்து மாதிரி உனக்குத்தான் வரும்."

தேதியை எழுதினோம். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

கண்ணகி ஐதீகமுள்ள பகவதி கோயிலை வெளியிலிருந்து கும்பிட்டு, மத்தியானம் ஓர் ஓட்டலில் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டு, அவசரமில்லாமல் திரும்பினோம். மாலை ஓடத்தில் கூட்டம் குறைவு. சூரியன் துறைமுக வாயிலுக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தகப்பனார் தலைக்கவசத்தைக் கையில் குடத்தைப் போல் வைத்துக்கொண்டு கம்பியோரம் நின்றார்.

"ஏந்தம்பி, ஈழத்திலே ரெண்டு இருக்குதே. கோணமலையும் கேதீச்சரமும். அதுக்கு இப்பக் கப்பல் போகுதாமே?"

"நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-லே விட்டாங்கப்பா."

"அதிலே மோட்டார் சைக்கிளை ஏத்துவாங்களா?"

"விசாரிக்கறேனுங்கப்பா" என்றோம். அதற்குள் கரை வந்துவிட்டது. பலகை இறங்கியது, பின்னாலிருந்த லாரிக்காரர் ஒலி எழுப்பினார். தகப்பனார் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நம் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.